ஏபிஎஃப்சி பேனலில் உள்ள மின்தேக்கியையும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரால் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஆலைகள் பவர் ஃபேக்டரை (எடுக்கும் மின்சாரத்தில் பயன்படும் பங்கைக் காட்டும் எண்) 0.90-க்குக் கீழே இறங்க விடக்கூடாது. இறங்கினால் மின் கட்டணத்தோடு ஈட்டுக் கட்டணமும் சேர்ந்து வரும். பில்லில் அந்த வரி தோன்றிய மாதத்தில்தான் பல ஆலைகளில் ஏபிஎஃப்சி பேனலின், அதாவது மின்தேக்கிகளைத் தேவைக்கேற்பத் தானாகச் சேர்த்தும் நீக்கியும் பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் பெட்டியின், கதவு திறக்கப்படுகிறது. அப்போதும் சோதிக்கப்படுவது பெரும்பாலும் மின்தேக்கி மட்டுமே. அதன் முனைகளில் திருகப்பட்டு, மின்சாரம் நின்றதும் அதைக் காலிசெய்யும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரை அளந்து பார்ப்பவர் குறைவு. ஒரே ஸ்டெப்பில் (தனியாகச் சேர்த்து நீக்கப்படும் ஒரு மின்தேக்கிப் பிரிவு) மின்தேக்கியோ அதைச் சேர்க்கும் சுவிட்சான கான்டாக்டரோ மீண்டும் மீண்டும் பழுதாகிறது என்றால், புதிய மின்தேக்கிக்கு ஆர்டர் போடுவதற்கு முன் அந்த ரெசிஸ்டரைச் சந்தேகிப்பதே முறை. இந்த வழிகாட்டி இரண்டையும் சோதிக்கும் முறையைச் சொல்கிறது. ஆனால் ரெசிஸ்டருக்கே அதிக இடம் கொடுக்கிறது.

விளக்கத்துக்கு ஒரே ஒரு மின்தேக்கியை எடுத்துக்கொள்வோம்: 415 வோல்ட் பேனலில் பொருத்தப்பட்ட, 25 கேவிஏஆர் (மின்தேக்கியின் திறனைச் சொல்லும் அலகு), 440 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் மின்தேக்கி, அலுமினிய உருளைக்குள் உலோகப் பூச்சுப் பாலிப்ரொப்பிலீன் படலம், உள்ளே டெல்டா (முக்கோண) இணைப்பு, தலையில் டெல்டாவாகவே இணைக்கப்பட்ட மூன்று 150 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த மின்தேக்கிக்கு உரியவை. உங்களிடம் இருப்பது வேறு அளவு என்றால் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனையை உரிமம் பெற்ற மின்பணியாளர், பொறுப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு, பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

ரெசிஸ்டர் இல்லாவிட்டால் என்ன நடக்கும்

கான்டாக்டர் திறக்கும் கணத்தில் மின்தேக்கியில் எவ்வளவு மின்னழுத்தம் இருந்ததோ அது அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. 415 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் (பயனுறு) மதிப்பு; அதன் உச்சம் சுமார் 587 வோல்ட். நம் மின்தேக்கியின் இரண்டு முனைகளுக்கு இடையே அந்த உச்ச மின்னழுத்தம் தங்கினால் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 35 ஜூல். கை பட்டால் ஆளைக் கொல்லப் போதுமான அபாயம் அதில் உண்டு. ரெசிஸ்டர் இந்த மின்னூட்டத்தை மெல்லக் கரைக்கிறது.

எவ்வளவு வேகமாகக் கரைக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. மின்தேக்கிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60831, மின்தேக்கியின் மதிப்பிட்ட மின்னழுத்தத்தின் உச்சத்திலிருந்து 75 வோல்ட்டுக்கோ அதற்குக் கீழோ 3 நிமிடத்துக்குள் இறங்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மின் விதித்தொகுப்பு 600 வோல்ட் வரையிலான மின்தேக்கிகளுக்கு 1 நிமிடத்துக்குள் 50 வோல்ட் என்று இன்னும் கடுமையாகக் கேட்கிறது. இந்தியச் சந்தையிலும் 1 நிமிடம், 50 வோல்ட் என்று பெயர்ப்பலகையில் போட்டு வரும் மின்தேக்கிகள் ஏராளம். உங்கள் மின்தேக்கியின் பெயர்ப்பலகையில் எது எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு அளவுகோல்.

ஆளின் பாதுகாப்போடு இது முடிவதில்லை. ஏபிஎஃப்சி கன்ட்ரோலர் ஒரு ஸ்டெப்பை நிறுத்திய பிறகு, பொதுவாக 60 விநாடி போலக் காத்திருந்து மீண்டும் சேர்க்கிறது. அந்த நேரத்துக்குள் ரெசிஸ்டர் தன் வேலையை முடித்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் காத்திருப்பு நேரம் வைக்கப்படுகிறது; மின்தேக்கி உண்மையில் காலியாகிவிட்டதா என்பதைக் கன்ட்ரோலர் அளப்பதில்லை. மீண்டும் சேர்க்கும்போது எச்ச மின்னழுத்தம் மதிப்பிட்ட மின்னழுத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐஇசி விதி. நம் மின்தேக்கிக்கு அது 44 வோல்ட். மூன்று ரெசிஸ்டர்களும் நன்றாக இருந்தால் 587 வோல்ட் 60 விநாடியில் 32 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. ஒன்று மட்டும் அறுந்திருந்தால், அறுந்த பக்கத்து முனைகளுக்கு இடையே அதே 60 விநாடிக்குப் பிறகும் சுமார் 220 வோல்ட் நிற்கும். லைனின் உச்சம் எதிர்த் திசையில் இருக்கும் கணத்தில் கான்டாக்டர் மூடினால், இந்த 220 வோல்ட்டும் அந்த 587 வோல்ட்டும் கூடிய வேறுபாடு ஒரே நொடிப்பொழுதில் சமமாகியாக வேண்டும். கான்டாக்ட் ஒட்டிக்கொள்வதும், கான்டாக்டரின் முன்மின்னேற்றக் கம்பிகள் கருகுவதும், ஃபியூஸ் காரணமில்லாமல் போவது போலத் தோன்றுவதும் இப்படித்தான். பழி மின்தேக்கி மீது விழுகிறது. புதியதைப் போட்டு, பழைய ரெசிஸ்டரையே எடுத்து அதன் தலையில் திருகிவிடுகிறார்கள்.

தேவையான கருவிகள்

மல்டிமீட்டர் கேட் 3, 600 வோல்ட் பாதுகாப்பு வகைக்குக் குறையாததாக இருக்க வேண்டும். அதில் மின்தேக்கத் திறன் அளக்கும் வசதி வேண்டும். வாங்கும்போது அதன் உச்ச அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் மலிவான மீட்டர்கள் பல 20 அல்லது 200 மைக்ரோஃபாரடோடு நின்றுவிடும். நம் 25 கேவிஏஆர் மின்தேக்கியை அவற்றில் அளந்தால் வெறும் ஓஎல் (மீட்டரின் அளவு மீறியது) என்று காட்டும்; அதைப் பார்த்து மின்தேக்கி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. குறைந்தது 1000 மைக்ரோஃபாரட் வரை அளக்கும் மீட்டர் இருந்தால் நிம்மதி. ரேஞ்சைக் கையால் நிறுத்திவைக்கும் பொத்தானும் இருக்க வேண்டும். அது எதற்கென்று ரெசிஸ்டர் சோதனையில் தெரியும்.

இவற்றோடு மின்காப்புக் கையுறை, முகக் காப்பு, பூட்டும் எச்சரிக்கை அட்டையும், ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டர், நிறுத்துக் கடிகாரம், 9 வோல்ட் பேட்டரி அல்லது 24 வோல்ட் டிசி சப்ளை ஆகியவையும் தேவை. டிஸ்சார்ஜ் செய்வதற்கு, மின்காப்புக் கைப்பிடி போட்ட இரண்டு புரோப்களுக்கு நடுவே 2.2 கிலோ ஓம், 50 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டரை இணைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: துண்டித்தல், பூட்டுதல், காத்திருத்தல்

கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றி எல்லா ஸ்டெப்புகளையும் நிறுத்தவும். பிறகு பேனலின் முதன்மை பிரேக்கரை இறக்கி, பூட்டி, அட்டையைத் தொங்கவிடவும். சோதிக்கப் போகும் ஸ்டெப்பின் எச்ஆர்சி ஃபியூஸ்களையும் கழற்றிவிடுவது நல்லது. கான்டாக்டர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அப்போது மின்சாரம் வர வழி இருக்காது. கன்ட்ரோலருக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல பேனல்களில் கட்டுப்பாட்டு மின்சாரம் தனி வழியில் வரும்; முதன்மை பிரேக்கரை இறக்கினாலும் அது உயிரோடு இருக்கும்.

இதற்குப் பிறகு குறைந்தது 5 நிமிடம் காத்திருக்கவும். பெயர்ப்பலகையில் 1 நிமிடம் என்று எழுதியிருந்தாலும் இந்த 5 நிமிடத்தைக் குறைக்க வேண்டாம். அந்த 1 நிமிடக் கணக்கு நல்ல ரெசிஸ்டருக்கு உரியது. இங்கே ரெசிஸ்டர் நல்லதா என்பதே நமக்குத் தெரியாது.

படி 2: டிசி ரேஞ்சில் அளத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: துண்டிக்கப்பட்ட மின்தேக்கியில் இருப்பது டிசி. ஏசி பேனல் என்பதால் மீட்டரை ஏசி ரேஞ்சிலேயே வைத்து அளந்தால், உள்ளே 500 வோல்ட் நின்றாலும் மீட்டர் பூஜ்யம் காட்டக்கூடும். முதலில் ஏசியில் அளந்து லைன் செத்துவிட்டது என்று உறுதி செய்யவும். பிறகு டிசிக்கு மாற்றி மின்தேக்கியை அளக்கவும். இரண்டும் தேவை.

மீட்டர் வேலை செய்கிறது என்பதை உயிருள்ள ஒரு இடத்தில் முதலில் பார்த்து, பிறகு மின்தேக்கியில் அளந்து, மறுபடியும் அதே உயிருள்ள இடத்தில் பார்க்க வேண்டும். நடுவில் புரோப் கம்பி அறுந்திருந்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும். மின்தேக்கியில் அளக்கும்போது மூன்று ஜோடி முனைகளையும், ஒவ்வொரு முனைக்கும் உடலுக்கும் இடையிலும், ஆக 6 அளவீடுகள் எடுக்கவும். ஒரு ஜோடியில் பூஜ்யம் வந்தது என்பதற்காக மற்ற ஜோடிகளும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. இரண்டு ரெசிஸ்டர்கள் அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தால், அது இருக்கும் ஜோடி காலியாகி, மூன்றாவது முனை மணிக்கணக்கில் மின்னூட்டத்தோடு நிற்கும்.

இங்கே கிடைக்கும் எண்ணைக் குறித்து வைக்கவும். 5 நிமிடத்துக்குப் பிறகும் ஏதாவது ஒரு ஜோடியில் பத்துக்கணக்கான வோல்ட் இருந்தால், ரெசிஸ்டரின் மீதான முதல் சாட்சி அதுவே.

படி 3: டிஸ்சார்ஜ் செய்து முனைகளை இணைத்தல்

மீதம் இருக்கும் மின்னூட்டத்தை 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒவ்வொரு ஜோடிக்கும் 5 விநாடி கொடுத்து இறக்கவும். நம் மின்தேக்கிக்கு இதன் நேர மாறிலி (மின்னழுத்தம் தொடக்கத்தின் 36.8 சதவீதத்துக்கு இறங்கும் நேரம்) அரை விநாடிக்கும் குறைவு. 5 விநாடி தாராளம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து முனைகளைக் குறுக்காகத் தட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதில் எழும் தீப்பொறி முனையை உருக்கும், உலோகத் துளியைக் கண்ணுக்குத் தெறிக்க வைக்கும். உள்ளே படலத்தின் ஓரத்தில் தெளிக்கப்பட்டிருக்கும் உலோக இணைப்பையும் திடீர் மின்னோட்டம் சிதைக்கும். சோதிக்க வந்த மின்தேக்கியைச் சோதனையே கெடுத்துவிடும்.

மறுபடியும் டிசியில் அளந்து பூஜ்யம் என்று கண்ட பிறகு, மூன்று முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்து உடலோடும் சேர்த்துக் கட்டவும். அளக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்தக் கம்பி இருக்கட்டும். இதற்குப் பிறகுதான் கேபிள்களைக் கழற்ற வேண்டும்.

படி 4: கண்ணால் பார்த்தல்

உருளையின் மூடி மேலே தள்ளியிருந்தால் மீட்டர் தேவையில்லை. உள்ளே வாயு அழுத்தம் ஏறி, மூடி உப்பி, உள் இணைப்புக் கம்பிகளை இழுத்து அறுத்துக்கொள்ளும் பாதுகாப்பு ஏற்பாடு அது. வேலை முடிந்த மின்தேக்கி; மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும்: உள் இணைப்பு அறுந்துவிட்டதால் வெளியே இருக்கும் ரெசிஸ்டருக்கு உள்ளே இருக்கும் படலச் சுருளோடு தொடர்பில்லை. முனைகளில் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே மின்னூட்டம் இருக்கலாம். துளையிடுவதோ அறுத்துப் பார்ப்பதோ கூடாது.

முனைகளில் கருமை, கேபிள் காப்பு உருகியது, ரெசிஸ்டரின் உடலில் பழுப்பேறியது ஆகியவற்றைப் பார்க்கவும். 150 கிலோ ஓம் ரெசிஸ்டரில் 440 வோல்ட்டில் தொடர்ந்து 1.3 வாட் வெப்பம் எழுகிறது. காற்றோட்டமில்லாத பேனலில் ஆண்டுக்கணக்கில் அப்படிக் காய்ந்துகொண்டே இருப்பதுதான் அது அறுந்துபோவதற்கு வழக்கமான காரணம். மிகப் பழைய, எண்ணெய் நிரப்பிய பெட்டி வகை மின்தேக்கி கசிந்தால் வெறும் கையால் தொட வேண்டாம். அந்தக் காலத்து எண்ணெய்களில் நச்சுத்தன்மை கொண்ட பிசிபி வகை இருந்தது.

படி 5: வர வேண்டிய எண்ணை முன்கூட்டியே கணக்கிடுதல்

எந்த எண் வர வேண்டும் என்று தெரியாமல் அளப்பதில் பயனில்லை. கேவிஏஆரை வாராக மாற்றி, அதை 314-ஆலும் (50 ஹெர்ட்ஸின் 2π மடங்கு) மதிப்பிட்ட மின்னழுத்தத்தின் இருமடியாலும் வகுத்தால் மொத்த மின்தேக்கத் திறன் ஃபாரடில் கிடைக்கும். 25,000-ஐ 314-ஆலும் 440-இன் இருமடியான 1,93,600-ஆலும் வகுத்தால் 411 மைக்ரோஃபாரட். டெல்டாவில் ஒரு பக்கத்துக்கு அதில் மூன்றில் ஒன்று, 137 மைக்ரோஃபாரட். பெயர்ப்பலகையில் மூன்று பெருக்கல் 137 என்று எழுதியிருப்பது இதைத்தான்.

ஆனால் இரண்டு முனைகளுக்கு இடையே புரோப் வைத்தால் 137 வராது. ஒரு பக்கம் நேராகவும், மற்ற இரண்டு பக்கங்கள் தொடராகச் சேர்ந்து அதற்கு இணையாகவும் தெரியும். எனவே ஒன்றரை மடங்கு, அதாவது 205 மைக்ரோஃபாரட் வரும். மொத்தத்தில் சரிபாதி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உள்ளே டெல்டாவா ஸ்டாரா (மூன்றும் ஒரு மையத்தில் சேரும் இணைப்பு) என்று தெரியாத மின்தேக்கிக்கும் இந்தப் பாதிக் கணக்கு பொருந்துவது இதன் வசதி.

இதையே ஒரு கேவிஏஆருக்கு இத்தனை என்று சுருக்கிப் பேனல் கதவில் எழுதி ஒட்டிவிடலாம். இரண்டு முனைகளுக்கு இடையே, 415 வோல்ட் மின்தேக்கிக்கு ஒரு கேவிஏஆருக்கு 9.24 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்டுக்கு 8.22, 480 வோல்ட்டுக்கு 6.91; 525 வோல்ட்டுக்கு 5.77. ரியாக்டர் (மின்தேக்கியோடு தொடரில் வைக்கும் சுருள்) சேர்த்த பேனல்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை: 7 சதவீத ரியாக்டர் தொடரில் இருந்தால் மின்தேக்கியின் மீது 415-க்குப் பதில் 446 வோல்ட் ஏறும் என்பதால் அங்கே 480 அல்லது 525 வோல்ட் மின்தேக்கி இருக்கும். பேனல் மின்னழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடாமல், மின்தேக்கியின் பெயர்ப்பலகையைப் பார்த்தே போட வேண்டும்.

படி 6: மின்தேக்கத் திறனை அளத்தல்

கேபிள்கள் கழன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டெப்பில் இணையாக இருக்கும் இன்னொரு மின்தேக்கியும் கணக்கில் சேர்ந்துவிடும். முனைகளை இணைத்த கம்பியை எடுத்துவிட்டு, மூன்று ஜோடிகளையும் அளக்கவும். பெரிய மதிப்பு என்பதால் எண் நிலைபெறச் சில விநாடிகள் ஆகும். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் தலையிலேயே இருந்தாலும் இந்த அளவீட்டில் அது கொண்டுவரும் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல.

புதிய மின்தேக்கிக்கு ஐஇசி அனுமதிக்கும் விலகல் கீழே 5 சதவீதம், மேலே 10 சதவீதம். நமக்கு அது 195 முதல் 226 மைக்ரோஃபாரட் வரை. மூன்று ஜோடி அளவீடுகளில் மிகப் பெரியதை மிகச் சிறியதால் வகுத்தால் 1.08-க்கு மேல் போகக்கூடாது என்பது இன்னொரு விதி. எண்கள் சரியாக இல்லாதபோது அவற்றின் அமைப்பு பழுதைச் சொல்லிவிடும். 170, 172, 168 என்று மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால் அது வயது: உலோகப் பூச்சு ஒவ்வொரு சிறு பழுதின்போதும் தன்னைத்தானே ஆற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழந்த பரப்பு. அந்த மின்தேக்கி இப்போது 25-க்குப் பதில் ஏறத்தாழ 20.7 கேவிஏஆர்தான் தருகிறது. 68, 137, 137 என்று வந்தால் டெல்டாவின் ஒரு பக்கம் முழுதாக அறுந்திருக்கிறது. மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுமே வராவிட்டால் அழுத்தப் பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது. மூடியை மறுபடி தடவிப் பாருங்கள்.

பணியில் இருக்கும் மின்தேக்கிக்கு எந்த அளவில் மாற்றுவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. 10 சதவீதம் குறைந்தால் மாற்றுவதற்குத் திட்டமிடுவதும், 1.08 விகிதம் மீறினால் உடனே எடுத்துவிடுவதும் என் பரிந்துரை. சமமின்மை, சீரான குறைவைவிடக் கெட்ட அறிகுறி.

படி 7: டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரை அளத்தல்

ரெசிஸ்டர் தொகுப்பு தனியாகக் கழற்றக்கூடியது என்றால் கழற்றி மேசையில் வைத்து அளப்பதே சிறந்த வழி. எண் உடனே வரும். டெல்டாவாக இணைத்த மூன்று 150 கிலோ ஓம் ரெசிஸ்டர்களில் இரண்டு முனைகளுக்கு இடையே வருவது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 கிலோ ஓம். மூன்று ஜோடியிலும் 100 வந்தால் நல்லது. ஒன்று அறுந்திருந்தால் 300, 150, 150 வரும். 300 காட்டும் ஜோடிக்கு நடுவே உள்ளதுதான் அறுந்தது. இரண்டு அறுந்திருந்தால் ஒரு ஜோடியில் 150, மற்ற இரண்டில் ஓஎல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்க இரண்டே ரெசிஸ்டர்களை வி வடிவில் இணைத்துக் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்று, ஒன்று, இரண்டு என்ற விகிதம் பிறவியிலேயே இருக்கும். எனவே அந்த விகிதத்தைக் கண்டவுடன் பழுது என்று எழுதிவிடாமல், அதே வகைப் புதிய தொகுப்பு ஒன்றோடு ஒப்பிட வேண்டும், அல்லது உள்ளே எத்தனை ரெசிஸ்டர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெயர்ப்பலகையில் ரெசிஸ்டர் மதிப்பு இல்லாவிட்டால் உச்ச வரம்பைக் கணக்கிடலாம். அனுமதிக்கப்பட்ட நேரத்தை, ஒரு பக்கத்து மின்தேக்கத் திறனாலும், தொடக்க உச்ச மின்னழுத்தத்துக்கும் முடிவு மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையாலும் வகுக்க வேண்டும். 440 வோல்ட்டின் உச்சம் 622. 3 நிமிடத்தில் 75 வோல்ட் என்றால் மடக்கை 2.12, ரெசிஸ்டர் ஒவ்வொன்றும் 620 கிலோ ஓமுக்கு மேல் போகக்கூடாது. 1 நிமிடத்தில் 50 வோல்ட் என்றால் மடக்கை 2.52, வரம்பு 174 கிலோ ஓம். நம் 150 இரண்டுக்கும் பொருந்துகிறது. கடையில் கிடைத்த 470 கிலோ ஓமை எடுத்து மாட்டியவர் 3 நிமிட விதியில் தேறிவிடுவார். ஆனால் 60 விநாடியில் மீண்டும் சேர்க்கும் கன்ட்ரோலரிடம் மாட்டிக்கொள்வார்.

ரெசிஸ்டரைக் கழற்ற முடியாமல் மின்தேக்கியோடு சேர்த்தே அளக்க வேண்டியிருந்தால் பொறுமை வேண்டும். ஓம் ரேஞ்சில் மீட்டர் தரும் மின்னோட்டம் மிகச் சிறியது. அது முதலில் மின்தேக்கியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது எண் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து மெல்ல ஏறும். அவசரக்காரர் அதைக் கண்டு ஷார்ட் என்று எழுதிவிடுவார். 150 கிலோ ஓமும் 137 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் நேர மாறிலி 20.5 விநாடி, இறுதி எண்ணுக்கு ஒரு சதவீதம் அருகில் வரவே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மீட்டரை ஆட்டோ ரேஞ்சில் விட்டால் அது ரேஞ்சுக்கு ரேஞ்சு தாவி எண்ணை அலைக்கழிக்கும். 100 கிலோ ஓமைத் தாராளமாக அளக்கும் ரேஞ்சில் கையால் நிறுத்திவிட்டு 2 நிமிடம் காத்திருக்கவும். எதிர்மறை எண்ணோ, புரோப்பை மாற்றி வைத்தால் வேறு எண்ணோ வந்தால் மின்தேக்கியில் எச்ச மின்னழுத்தம் இருக்கிறது என்று பொருள். முனைகளை இன்னும் சில நிமிடம் இணைத்து வைத்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

எதிர்பார்த்ததைவிட எண் குறைவாக நின்றுவிட்டால் கசிவு மின்தேக்கிக்குள் இருக்கலாம். ரெசிஸ்டரை நீக்கி மின்தேக்கியை மட்டும் அளந்தால் நல்ல மின்தேக்கியில் எண் நிற்காமல் மெகா ஓம்களை நோக்கி ஏறிக்கொண்டே போகும். ஏறிக்கொண்டிருப்பது நல்லது, கீழேயே நின்றுவிடுவதுதான் பழுது.

படி 8: நேரத்தை அளந்து உறுதி செய்தல்

ரெசிஸ்டர் உள்ளேயே மூடப்பட்ட பெட்டி வகை மின்தேக்கிகளுக்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கழற்றக்கூடியவற்றுக்கும் மின்தேக்கி, ரெசிஸ்டர், இரண்டையும் இணைக்கும் திருகு ஆகிய மூன்றையும் ஒரே அளவீட்டில் இது சோதித்துவிடுகிறது.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இரண்டு முனைகளில் மாட்டவும். 24 வோல்ட் சப்ளையை அதே முனைகளில் ஒரு நிமிடம் கொடுத்து, பிறகு சப்ளையின் கம்பியையே கழற்றிவிட்டுக் கடிகாரத்தைத் தொடங்கவும். சப்ளையை அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் அதன் உட்சுற்று வழியாகவும் மின்னூட்டம் இறங்கிவிடும். மின்னழுத்தம் 8.8 வோல்ட்டுக்கு, அதாவது தொடக்கத்தின் 36.8 சதவீதத்துக்கு இறங்க ஆகும் நேரமே நேர மாறிலி. நம் மின்தேக்கியில் அது மூன்று ஜோடியிலும் 20 முதல் 21 விநாடிக்குள் இருக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரி பயன்படுத்தினால் 3.3 வோல்ட்டில் கடிகாரத்தை நிறுத்தவும். மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடை பொதுவாக 10 மெகா ஓம். 100 கிலோ ஓமுக்கு முன் அது கணக்கில் வராது.

ஒரு ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அந்த ஜோடியில் நேரம் மூன்று மடங்காகி 61 விநாடியைத் தொடும். மற்ற ஜோடிகள் இடைப்பட்ட நேரம் காட்டும். மின்தேக்கத் திறன் 17 சதவீதம் குறைந்திருந்தால் நேரமும் அதே விகிதத்தில் குறையும். அதனால் படி 6-இன் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த நேரத்தைப் படிக்க வேண்டும். நேர மாறிலியை 2.52-ஆல் பெருக்கினால் உண்மையான பணியில் 622 வோல்ட்டிலிருந்து 50 வோல்ட்டுக்கு இறங்கும் நேரம் வந்துவிடும். நமக்கு 52 விநாடி. உயிருள்ள பேனலில் புரோப்பை மாட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

படி 9: உடலோடு உள்ள காப்பு

மூன்று முனைகளையும் இணைத்து, அவற்றுக்கும் உலோக உடலுக்கும் இடையே ஓம் ரேஞ்சில் அளந்தால் ஓஎல் வர வேண்டும். ஆனால் மல்டிமீட்டர் சில வோல்ட்டில் மட்டுமே அளக்கிறது. 440 வோல்ட்டில் மட்டும் உடையும் காப்புப் பழுதை அதனால் காண முடியாது. இந்த ஒரு சோதனைக்கு 500 வோல்ட் மெகர் (காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்துக்கொள்வது முறை. முனைகளை இணைத்த கம்பி இருக்கும்போது, முனைகளுக்கும் உடலுக்கும் இடையே மட்டும் மெகரைப் பயன்படுத்தவும். முனைக்கு முனை மெகர் வைத்தால் மின்தேக்கி 500 வோல்ட்டுக்கு மின்னேறிவிடும்.

திரும்பப் பொருத்துதல்

மின்தேக்கி நல்லது, ரெசிஸ்டர் மட்டும் கெட்டது என்றால் தயாரிப்பாளரின் தொகுப்பையே வாங்கிப் போடவும். தனி ரெசிஸ்டர்களை வைத்து நீங்களே கட்டுவதானால் ஒவ்வொன்றும் 3 வாட்டுக்குக் குறையாததாகவும், 622 வோல்ட் உச்சத்தைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். வாட்டைப் பார்ப்பவர்கள் மின்னழுத்தத் தாங்குதிறனைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். மின்தேக்கியை மாற்றினால் ரெசிஸ்டரையும் கூடவே மாற்றவும். இரண்டின் விலையையும் ஒப்பிட்டால் பழைய ரெசிஸ்டரை மிச்சப்படுத்துவதில் அர்த்தமில்லை. கன்ட்ரோலரின் மறுசேர்க்கை நேரம் நீங்கள் அளந்த டிஸ்சார்ஜ் நேரத்தைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் திரையில் பார்த்துத் திருத்தவும்.

கேபிள்களைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையில் இறுக்கி, முனைகளை இணைத்த செம்புக் கம்பியை எடுத்துவிட்டோமா என்று இரண்டாவது ஆளையும் பார்க்கச் சொல்லிவிட்டு, ஃபியூஸ்களைப் போட்டு, கதவை மூடி, ஸ்டெப்பை மேனுவலில் சேர்க்கவும். கிளாம்ப் மீட்டரில், 415 வோல்ட்டில் நம் மின்தேக்கி ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 31 ஆம்பியர் எடுக்க வேண்டும். மின்தேக்கத் திறன் சரியாக இருந்தும் மின்னோட்டம் 40 ஆம்பியரை நெருங்கினால் அது ஹார்மானிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் கூடுதல் மின்னோட்டம்). மதிப்பிட்ட மின்னோட்டமான 32.8 ஆம்பியரில் 1.3 மடங்கு வரை தொடர்ந்து தாங்கும்படி மின்தேக்கி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று ஐஇசி கேட்கிறது. அந்த 43 ஆம்பியர் எல்லைக்கு அருகில் ஓடும் ஸ்டெப்பில் புதிய மின்தேக்கியை மட்டும் போட்டு அனுப்பாமல், மாறுவேக டிரைவ்கள் எந்த அளவு கூடியிருக்கின்றன என்று பார்த்து, 7 சதவீத ரியாக்டரும் அதற்கேற்ற 480 அல்லது 525 வோல்ட் மின்தேக்கியும் போடுவதைப் பற்றிப் பேனல் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும்.